பகை எழுப்பிய கோபுரங்கள்

இத்தாலி தேசத்தின் தஸ்கனிப் பிரதேசத்தில், திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த குன்றொன்றின் உச்சியிலே மதிலுக்குள் அடங்கி நிற்கும் சான் ஜிமிஞ்ஞானோ என்னும் சிற்றூர், 1199-ஆம் ஆண்டில் வொல்தேர்ரா பிஷப்பின் ஆதிக்கத்தினின்றும் விடுபட்டுத் தன்னைத் தானே ஆண்டுகொள்ளத் தொடங்கிற்று. ரோமாபுரிக்குச் செல்லும் யாத்திரிகர்களின் ராஜபாட்டை ஊரின் ஊடே சென்றதாலும், சுற்றுவட்டாரத்தில் விளைந்த குங்குமப்பூவுக்குத் தூரதேசங்களிலும் கிராக்கி இருந்ததாலும், அங்கே திரவியம் குவிந்தது; திரவியத்தோடு துவேஷமும் வளர்ந்தது.

போப்பாண்டவரின் பட்சத்தில் நின்ற அர்திங்கெல்லி குடும்பத்தாரும், சக்கரவர்த்தியின் பட்சத்தில் நின்ற சால்வுச்சி குடும்பத்தாரும், தத்தம் அந்தஸ்தை ஊரறியச் செய்யக் கைக்கொண்ட சாதனமே கோபுரம். தடித்த கற்சுவர்களுக்கு நடுவே ஒடுங்கிய அறைகள், சிறு ஜன்னல்கள், வெளிப்புறச் சுவரில் மர உத்தரங்களைச் செருகுவதற்கென விடப்பட்ட சதுரத் துளைகள்: சுகவாசத்திற்குச் சற்றும் பொருந்தாத இந்தக் கட்டடங்கள், மரபாகச் சொல்லும் கணக்கின்படி, 72 வரை பெருகின. நகரசபையின் ரொஞ்ஞோசா கோபுரத்தை விஞ்சித் தனியார் எவரும் கட்டலாகாது என்று 1255-இல் சட்டம் பிறந்தது. பின்னர் 1311-இல் சபையே 54 மீட்டர் உயரத்தில் 'பெரிய கோபுரத்தை' முடித்துத் தன் மேலாண்மையை நிலைநாட்டிக்கொண்டது.

இவ்வளவு பகைக்கு நடுவிலும் ஊரார் அனைவருக்கும் பொதுவாயிருந்தது, 1273-இல் சதுக்கத்தில் அமைத்த எண்கோணக் கிணறு. அதன் கல் விளிம்பில், தலைமுறை தலைமுறையாக நீர் இறைத்த கயிறுகள் அறுத்த தடங்களை இன்றும் விரலால் தடவிப் பார்க்கலாம்.

1300-இல் பிளாரன்ஸ் நகரின் தூதராக இவ்வூர்ச் சபையில் பேசிய மகாகவி தாந்தே, போப்பாண்டவர் பட்சத்து நகரங்கள் ஒன்றுபட வேண்டுமென்று வாதாடினார். ஆயினும் உட்பகை ஓயவில்லை. 1348-இல் பரவிய கொள்ளைநோய் ஜனத்தொகையைச் சூறையாடவே, நலிந்த ஊர் 1353-இல் பிளாரன்ஸுக்கு அடங்கிற்று. போக்குவரத்தும் பள்ளத்தாக்குப் பாதைகளுக்கு மாறியபின், பழையதை இடித்துப் புதுமாளிகை எழுப்ப அங்கே எவர் கையிலும் பணமில்லை. செல்வம் ததும்பிய நகரங்கள் தம் பழங்கோபுரங்களைப் பெரும்பாலும் இழந்துவிட, இங்கே 14 தப்பின. அவற்றைக் கட்டியது செல்வம், காத்தது வறுமை.