குவாண்டம் அருவிச் சீரொளி அதிர்வெண் சீப்பு

குவாண்டம் அருவிச் சீரொளி அதிர்வெண் சீப்பு என்பது, குவாண்டம் அருவிச் சீரொளி (லேசர்) என்னும் குறைக்கடத்திக் கருவியிலிருந்து நேரடியாகப் பெறப்படும், சம இடைவெளியில் அமைந்த பல அதிர்வெண்களைக் கொண்ட ஒளி ஆகும். நிறமாலையில் இவ்வதிர்வெண்கள் சீப்பின் பற்களைப் போல வரிசையாகத் தோன்றுவதால் இப்பெயர் ஏற்பட்டது. நடு அகச்சிவப்பு, டெராஹெர்ட்சு ஆகிய அலைப்பகுதிகளில் இது பயன்படுகிறது.

வரலாறு

குவாண்டம் அருவிச் சீரொளி 1994 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜெரோம் ஃபைஸ்ட், ஃபெடரிக்கோ கப்பாசோ முதலியோரால் முதன்முதலில் இயக்கிக் காட்டப்பட்டது. அதிர்வெண் சீப்பு நுட்பம் உள்ளிட்ட பணிகளுக்காக ஜான் ஹால், தியோடர் ஹென்ஷ் ஆகிய இருவரும் 2005 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பாதியைப் பகிர்ந்துகொண்டனர். இவ்விரு நுட்பங்களும் 2012 இல் இணைந்தன. அவ்வாண்டில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஃபைஸ்ட்டின் குழுவினர் சுமார் 7 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் சீப்பை உருவாக்கினர். 2014 இல் டெராஹெர்ட்சுச் சீப்பு பற்றி மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் அறிவித்தனர்.

செயற்படும் முறை

இச்சீரொளியில் எதிர்மின்னி (எலக்ட்ரான்), படிப்படியாக விழும் அருவியைப் போல ஓர் ஆற்றல் நிலையிலிருந்து அடுத்ததற்கு இறங்கி, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஒளியணுவை வெளியிடக்கூடும். ஒளியின் அலைநீளத்தைப் பெரும்பாலும் குறைக்கடத்தி அடுக்குகளின் தடிப்பே தீர்மானிக்கிறது.

பிற சீரொளிகளில் சீப்பு பொதுவாகக் குறுகிய ஒளித்துடிப்புகளால் உண்டாக்கப்படுகிறது. இங்கு அது கடினம். எதிர்மின்னி மேல்நிலையில் ஏறத்தாழ ஒரு பிக்கோநொடி மட்டுமே தங்குகிறது. 3 மில்லிமீட்டர் நீளமுள்ள குழிவில் ஒளி ஒருமுறை சென்று திரும்ப 60 பிக்கோநொடிக்கு மேல் ஆகும். துடிப்பு திரும்பி வருமுன்பே பெருக்கத்திறன் மீண்டு, இடையிலுள்ள ஒளியையும் பெருக்கிவிடுவதால் துடிப்பு நிலைப்பதில்லை.

ஆயினும், தடையாக இருந்த இவ்விரைவே சீப்பு தோன்றவும் காரணமாகிறது. குழிவிலுள்ள இரு அதிர்வெண்களின் வேறுபாட்டுக்கு ஏற்பப் பெருக்கத்திறன் உடனுக்குடன் ஏறி இறங்குகிறது. இதனால் அதே இடைவெளியில் புதிய அதிர்வெண்கள் பிறந்து, அண்டை அதிர்வெண்களையும் ஒழுங்குபடுத்துகின்றன. இது நான்கலைக் கலப்பு எனப்படும். பொதுவாக, இவ்வாறு வெளிவரும் ஒளியின் செறிவு ஏறத்தாழ மாறாதிருக்க, அதிர்வெண் மட்டும் சீராக மாறிக்கொண்டிருக்கும்.

குழிவின் நிறப்பிரிகை மிகுந்தால் பற்களின் சம இடைவெளி குலையும். அதைக் குறைக்கச் சீரொளியின் முகப்பில் தனிப்பட்ட அடுக்குப் பூச்சுகள் இடப்படுவதுண்டு.

பயன்பாடுகள்

பல மூலக்கூறுகளின் அடிப்படை அதிர்வுகள் நடு அகச்சிவப்பில் அமைவதால், இச்சீப்புகள் வேதிப் பகுப்பாய்வுக்கு ஏற்றவை. இரட்டைச் சீப்பு முறையில், பல்லிடைவெளி சற்றே வேறுபட்ட இரு சீப்புகளின் ஒளி ஒரே உணர்கருவியில் சேர்க்கப்படுகிறது. அப்போது நிறமாலை வானொலி அதிர்வெண்களில் பதிவாகிறது. அசையும் பாகங்கள் இல்லாததால், புரத மாற்றங்களை மைக்ரோநொடி அளவில் பின்தொடர இயலும். ஆனால், ஒரு சீப்பின் நிறமாலை அகலம் குறுகியது. அகன்ற பகுதியை ஆராயப் பல சீரொளிகள் தேவைப்படுகின்றன.