வாசலுக்கு வந்த விசாரணை: தென்னார்க்காட்டு முறையீடுகள் முதல் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பு வரை

குற்றம் கூடியதா குறைந்ததா என்ற விவாதம் எழும்போதெல்லாம் நாம் நம்பியிருப்பது காவல் நிலையப் பதிவேட்டைத்தான். புகார் கொடுக்க வராதவரும், வந்தும் திருப்பி அனுப்பப்பட்டவரும் அந்தப் பதிவேட்டில் இல்லை. பாதிக்கப்பட்டவரையே நேரில் கேட்டு எண்ணும் முறை அமெரிக்காவில் 1966இல் பிறந்தது என்பது குற்றவியல் பாடநூல்களின் கணக்கு. அதற்கு நூறாண்டுக்கு மேல் முன்பே சென்னை மாகாண அரசு அத்தகைய முயற்சி ஒன்றில் இறங்கியது. அதன் வழி பின்னர் அடைபட்டது ஏன் என்பதை இக்கட்டுரை தேடுகிறது.

அன்றைய நிலையை ஓமந்தூரிலிருந்து பார்க்கலாம். தென்னார்க்காடு மாவட்டத்தின் திண்டிவனம் வட்டாரத்துக் குடியானவருக்குத் தாசில்தார்தான் வரி வசூலிப்பவர். போலீசின் தலைவரும் அவரே. 1816ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் இரண்டு அதிகாரத்தையும் ஒரே கையில் கொடுத்திருந்தது. கிஸ்தி கட்டத் தவறினால் வெயிலில் நிறுத்துவார்கள், குனிய வைத்துக் கட்டுவார்கள், விரல்களைக் கிட்டியில் வைத்து நெரிப்பார்கள். இரண்டு கட்டைகளுக்கு இடையே விரலையோ தொடையையோ வைத்து, வலி பொறுக்க முடியாத மட்டும் இறுக்கும் கருவி அது. முறையிட வேண்டுமானால் கடலூரில் இருந்த கலெக்டரிடம் போகவேண்டும். ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் நடை, வேலை நாள் இழப்பு, வழிச் செலவு. இவ்வளவுக்குப் பிறகும் மனு பெரும்பாலும் ‘தாசில்தார் விசாரிக்கவும்’ என்ற குறிப்போடு, யார்மேல் புகாரோ அவரிடமே திரும்பியது.

1854 ஜூலையில் லண்டன் நாடாளுமன்றத்தில் எழுந்த விவாதத்தையடுத்து, ஆளுநர் ஹாரிஸ் பிரபு எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட ஆணையத்தை அமைத்தார். சித்திரவதைக்கு ஆளானவர்கள் கடிதம் எழுதலாம், நேரிலும் வரலாம் என்று மாகாணம் முழுக்க அறிவிப்புப் போனது. வந்தவை 1,959 முறையீடுகள். நேரில் வந்து சொன்னவர்கள் 519 பேர். நூற்றுக்கணக்கான மைல் தாண்டி வந்தவர்களும் அவர்களில் உண்டு. ஏழாண்டுக்கு உட்பட்ட நிகழ்வுகளே ஏற்கப்பட்டன. இன்றைய கணக்கெடுப்புகள் ‘கடந்த பன்னிரண்டு மாதங்களில்’ என்று வரம்பு கட்டுவதற்கு இது முன்னோடி. தானாக வந்தவர்களை மட்டும் கேட்டதால் அதை மாதிரிக் கணக்கெடுப்பு என்று சொல்ல முடியாது. ஆனாலும் புகாருக்கு உள்ளானவரின் கை படாத வழியொன்று திறந்ததும் ஆயிரக்கணக்கில் வாய் திறந்தார்கள். 1855 ஏப்ரலில் வந்த அறிக்கையின் மையச் செய்தியாக நான் கருதுவது இதையே.

அரசு வேறு பாடம் படித்தது. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் போலீசை வருவாய்த் துறையிலிருந்து பிரித்தது. போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்ற விதியும் பின்னர் 1872இன் சாட்சியச் சட்டத்தில் இடம் பெற்றது. இவை பெரிய நன்மைகள். ஆனால் மக்களை நேரில் கேட்கும் வழி ஆணையத்தோடு முடிந்தது. குற்றத்தை எண்ணும் உரிமை முழுக்கப் போலீசிடம் போனது. விடுதலைக்குப் பின் 1953 முதல் வெளியாகும் ‘இந்தியாவில் குற்றங்கள்’ ஆண்டறிக்கையும் பதிவான வழக்குகளின் தொகுப்புதான். ஒரே வழக்கில் பல குற்றம் இருந்தால் தண்டனை மிகுந்த ஒன்று மட்டுமே அதில் எண்ணப்படும். தமிழ்நாட்டில் வழக்குப் பதியாமல், சி.எஸ்.ஆர். எனப்படும் புகார் ஏற்பு ரசீதோடு முடிந்துவிடும் புகார் அதில் ஏறாது. குற்றம் என்று தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை கட்டாயம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்ததே பதிவேட்டின் நம்பகமின்மைக்குச் சான்று.

அமெரிக்காவில் 1966இல் பத்தாயிரம் வீடுகளில் கேட்டபோது, போலீஸ் கணக்குக்கு வராத குற்றங்கள் ஏராளம் என்பது வெளியானது. 1973 முதல் அங்கே தொடர் கணக்கெடுப்பு நடக்கிறது. பிரிட்டன் 1982இல் தொடங்கியது. பன்னாட்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவிலிருந்து இடம் பெற்றது பம்பாய். 2017இல் ஐ.டி.எஃப்.சி. நிறுவனம் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளில் கேட்டது. எல்லாம் நகரம்தான். கிராமத்து வாசலுக்கு வந்து திருட்டு, தாக்குதல் பற்றிச் சில கேள்விகள் கேட்டது 2004–05இல் தொடங்கிய இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு.

ஆழமாகக் கேட்டது ஒரு சுகாதாரக் கணக்கெடுப்பு என்பது பலர் கவனிக்காத செய்தி. தேசிய குடும்ப நல ஆய்வில் வீட்டுக்கு ஒரு பெண்ணை மட்டும் தேர்ந்தெடுத்துத் தனியே உட்கார வைத்துக் கேட்கிறார்கள். ‘வன்முறை நடந்ததா’ என்று பொதுவாகக் கேட்பதில்லை. ‘அறைந்தாரா, கையை முறுக்கினாரா, தலைமுடியைப் பிடித்து இழுத்தாரா’ என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். தனிமை கிடைக்காவிட்டால் அந்தப் பகுதி கேட்கப்படுவதில்லை. 2019–21 சுற்றில், உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் 77 விழுக்காட்டினர் எவரிடமும் சொன்னதும் இல்லை, உதவி தேடியதும் இல்லை. கேள்வி கேட்டவரிடம்தான் முதன்முதலாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சாதி இழிவைப் பற்றி இப்படிக் கேட்கும் வழக்கம் இல்லை. ஓமந்தூர் தந்த முதல்வர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1947இல், கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. அதன் பிறகும் வாசலில் தடுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று தடுக்கப்பட்டவர்களிடமே கேட்டு எண்ணும் ஏற்பாடு இன்றுவரை நிலையாக அமையவில்லை. குடும்ப நல ஆய்வுக்கான கிராம மாதிரிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை நம்மிடம் இருக்கிறது. தனிமையில் கேட்கப் பழகிய களப்பணியாளர்களும் இருக்கிறார்கள். திருட்டு, தாக்குதல், சாதி இழிவு, காவல் நிலையத்தில் நடத்தப்பட்ட விதம் ஆகிய நான்கையும் கேட்கும் ஒரு பகுதியை அதே ஒழுங்கோடு அமைத்து, உள்துறையின் கீழ் வராத அமைப்பொன்றிடம் ஒப்படைக்க வேண்டும்.