பிறவிக் கண்ணும் பழகிய கண்ணும்



ஒரே காட்சியை இருவர் ஒரே வகைக் கருவியைக் கொண்டு படம் பிடிக்கின்றனர். ஒருவர் எடுத்தது வெறும் நினைவுக் குறிப்பாக நின்றுவிடுகிறது. மற்றவர் எடுத்ததையோ கீழே வைக்க மனமின்றிப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது என்று கேட்டால், "அவருக்குக் கண் இருக்கிறது" என்று சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். கவிஞர்களுள் சிலரை வரகவி என்பதுபோல, புகைப்படக் கலையிலும் பிறவியிலேயே கண் பெற்று வந்தவர் சிலர் உண்டு, ஏனையோர் எத்துணை முயன்றாலும் அந்நிலையை எய்தார் என்றொரு நம்பிக்கை பரவியிருக்கிறது.

இந்நம்பிக்கை உண்மையாயின், பயிற்சி வீண் உழைப்பு. பொய்யாயின், "உனக்கு அந்தக் கண் இல்லை" என்று ஓர் இளைஞரிடம் சொல்லி அவர் முயற்சியை அணைத்துவிடுவது பெரும் பிழை. ஆகவே இதனை ஊகத்தால் அன்றி வரலாற்றால் ஆராய்வதே முறை. நம் நாட்டோடு தொடர்புடைய நால்வரை எடுத்துக்கொள்வோம். இருவர் ஆங்கிலேயர்; இருவர் இந்தியர்.

முதலாமவர் லின்னேயஸ் டிரைப். 1822இல் பிறந்த இவர், 1839இல் சென்னைப் படையில் சேர்ந்த இராணுவ அதிகாரி. விடுமுறையில் இங்கிலாந்து சென்றிருந்தபோது புகைப்படக் கலையைக் கற்றார். 1855இல் பர்மாவுக்குச் சென்ற அரசுத் தூதுக்குழுவுடன் சென்று படம் எடுத்தார். பின்னர்ச் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டு, மதுரை, தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை முதலிய இடங்களைப் படமாக்கினார். மெழுகூட்டிய காகிதமே அவருக்கு எதிர்ப்படத் தகடு. அதில் காட்சி பதிய நெடுநேரம் ஒளி வேண்டும். ஒரு காகிதம் கெட்டால் அன்றைய உழைப்பில் பெரும்பகுதி போயிற்று. ஆகவே கருவியைத் திறப்பதற்கு முன்னரே படத்தை மனத்தில் முடித்துவிட வேண்டியிருந்தது.

1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சூழ்ந்துள்ள கல்வெட்டுகளை அவர் 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக அமைத்தார். ஒரு படத்தின் விளிம்பு அடுத்த படத்தின் விளிம்போடு இசைய வேண்டுமானால், கருவியின் தொலைவும் உயரமும் ஒளியும் பிசகாதிருத்தல் வேண்டும். இது திடீரென்று தோன்றும் உள்ளொளியால் ஆவதன்று. அளந்து அளந்து பழகிய ஒழுங்கினால் ஆவது. எனினும் 1859இல் ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் இப்பணியைச் செலவு மிகுந்த ஆடம்பரமெனக் கருதி நிறுத்தினார். அதன்பின் டிரைப் எடுத்த படங்கள் மிகச் சிலவே. அவருடைய கண் போய்விடவில்லை. கண் வேலை செய்வதற்கு இருந்த இடம்தான் போயிற்று.

இரண்டாமவர், பிறவிக் கண் என்னும் கட்சிக்கு வலுவான சாட்சியாக எடுத்துக்காட்டப்படுபவர். 1815இல் கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் காமரான் அம்மையாருக்கு, 1863இல் அவருடைய மகளும் மருமகனும் ஒரு படக்கருவியைப் பரிசளித்தனர். அப்போது அவருக்கு வயது 48. இங்கிலாந்தின் வைட் தீவில் வாழ்ந்திருந்த அவர், சில ஆண்டுகளுக்குள் ஹெர்ஷல், டார்வின் போன்ற பேரறிஞர்களின் முகங்களை இன்றளவும் போற்றப்படும் படங்களாக வடித்தார். இது பிறவிக் கொடை அன்றி வேறென்ன என்று கேட்கலாம்.

ஆனால் அவர் வாழ்க்கையைச் சற்றுப் பின்னோக்கிப் பாருங்கள். வானநூல் அறிஞர் ஜான் ஹெர்ஷல் அவருடைய நெடுநாள் நண்பர். 1840களின் தொடக்கத்திலேயே, அம்மையார் கல்கத்தாவில் இருந்தபோது, புதிய கலையின் மாதிரிப் படங்களை அவருக்கு அனுப்பி அதனை அறிமுகம் செய்தவர். ஓவியர்களும் கவிஞர்களும் கூடிய வட்டத்தில் அம்மையார் பல்லாண்டு பழகினார். கருவி கைக்கு வருமுன்னரே கண் இருபது ஆண்டு பயின்றிருந்தது. கையோ பயின்றிருக்கவில்லை. தாம் எடுத்த முதற்படத்தை, ஈரம் உலராத கண்ணாடியின்மேல் கையை வைத்துத் தேய்த்து அழித்துவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார்.

மற்றொன்றும் அவர் எழுதுகிறார். அவர் படங்களுக்குத் தனி அழகு தந்த மங்கிய தோற்றம் முதலில் தற்செயலாகவே வாய்த்ததாம். வில்லையைத் திருகிக் கோடுகளைக் கூர்மையாக்க முற்படுகையில், அழகெனத் தோன்றிய இடத்திலேயே நிறுத்திவிட்டாராம். நூல் முறை அறிந்தோர் அதனைக் குறை என்றே இடித்துரைத்தனர். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. இங்கேதான் பயிற்சியால் மட்டும் விளக்க இயலாத ஒன்று இருக்கிறது. பிழைகள் எல்லார்க்கும் நேர்கின்றன. பிழைபோல் தோன்றும் ஒன்றில் அழகு ஒளிந்திருப்பதைக் கண்டு, அதைக் கைவிடாமல் காப்பவர் சிலரே. அதனைப் பிறவிக் கொடை என்று அழைக்க நமக்குத் தடையில்லை. ஆனால் வேலை நடந்துகொண்டிருந்தால்தான் பிழையும் நேரும், அந்தக் கொடையும் வெளிப்படும்.

மூன்றாமவர் லாலா தீனதயாள். 1844இல் மீரட் அருகே சர்தானாவில் பிறந்து, ரூர்க்கி தாம்சன் பொறியியற் கல்லூரியில் பயின்றவர். 1866இல் இந்தூரில் மராமத்து இலாகாவில் வரைபடம் தீட்டவும் செலவு மதிப்பிடவும் அமர்ந்தார். படக்கருவியை அவர் எடுத்தது 1874ஐ ஒட்டி, ஏறத்தாழ முப்பதாம் வயதில். அடுத்த சில ஆண்டுகளில் பெருமக்களின் ஆதரவைப் பெற்றார். 1882இல் லெப்பல் கிரிஃபினுடன் மத்திய இந்தியாவின் பழங்கட்டடங்களைப் படம்பிடித்தார். 1885இல் அரசப் பிரதிநிதியின் புகைப்படக்காரர் ஆனார். பின்னர் நிஜாமின் அரசவையிலும் சிறப்புற்றார். செகந்திராபாத்திலும் பம்பாயிலும் அவர் நிலையங்கள் நடந்தன.

எட்டு ஆண்டுகள் கட்டடத்தைக் கோடுகளாகவும் அளவுகளாகவும் பார்த்தவருக்கு, ஒரு மண்டபத்தின் எம்மூலையில் நின்றால் இரு முகங்களும் தெரியும், வெயில் எப்பக்கம் சாய்ந்தால் சிற்பம் புடைத்து நிற்கும் என்பது புதிதாகக் கற்க வேண்டிய பாடமன்று. கருவி புதிது, பார்வை பழையது. இதனை அறியாதார் "எடுத்தவுடன் வந்துவிட்டது" என்று வியப்பர். எம் மொழிபெயர்ப்புத் தொழிலிலும் இவ்வியப்பு உண்டு. முதிர்ந்த ஒருவர் கடினமான தொடரைக் கண்டவுடன் தக்க தமிழ்ச் சொல்லைச் சொல்லிவிட்டால், அருகிலிருப்போர் அதனை வரம் என்பர். அவர் மேசையைக் கடந்துபோன கோப்புகளை எவரும் எண்ணுவதில்லை.

நான்காமவர் ஹோமாய் வியாரவாலா. 1913இல் நவசாரியில் பிறந்து, பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் பயின்றவர். பின்னர்த் தம் கணவரான மானெக்ஷாவிடம் புகைப்படக் கலையைக் கற்றார். தொடக்கத்தில் இவருடைய படங்கள் கணவர் பெயரில் வெளியாயின. 1942இல் தில்லிக்கு வந்து, நாட்டு விடுதலை, காந்தியடிகளின் இறுதி ஊர்வலம், நேரு புறாவைப் பறக்கவிடும் கணம் ஆகியவற்றைப் பதிவு செய்தார். அவர் கையாண்ட கருவிகளுள் ஒன்றான 'ஸ்பீட் கிராஃபிக்'கில், ஒரு சட்டத்துக்கு இரண்டே படங்கள். புறா பறந்துவிட்டால் மறுமுறை இல்லை. கை எங்கே உயரும், முகம் எப்போது திரும்பும் என்று முன்கூட்டி அறிவது, எண்ணற்ற நிகழ்ச்சிகளில் காத்து நின்றதன் பயன். 1970 வரை இப்பணியாற்றி விலகிய அவருக்கு 2011இல் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு காலமானார்.

நால்வரையும் ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலப்படுகிறது. பிறவிக் கண் என்று நாம் வியப்பது, பெரும்பாலும் வேறொரு துறையில் முன்னரே பழகிய கண். படைவீரரின் ஒழுங்கும், ஓவியர் வட்டத்தின் பழக்கமும், பொறியாளரின் அளவும், கலைப்பள்ளியின் பாடமும் படக்கருவிக்குள் புகுந்து வேறு உருக்கொண்டன. வெறுமனே ஆயிரம் படம் எடுப்பதும் பயிற்சியன்று. எடுத்ததைப் பார்த்து, இது ஏன் தோற்றது, அது ஏன் வென்றது என்று தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்வதே பயிற்சி. அத்துடன் பயில இடமும் வேண்டும். டிரைப்புக்கு அது பறிபோயிற்று. ஹோமாய்க்கோ சொந்தப் பெயரே தொடக்கத்தில் கிட்டவில்லை.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இன்று கைப்பேசியிலேயே படக்கருவி இருக்கிறது. தகடு கெடும் என்ற அச்சமில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளை நூறு படம் எடுத்துக் காட்டினால், கண் இருக்கிறதா இல்லையா என்று உடனே தீர்ப்பளிக்க வேண்டாம். அந்த நூற்றில் உனக்குப் பிடித்த மூன்று எவை, ஏன் என்று கேளுங்கள். அடுத்த மாதமும் அவ்வாறே கேளுங்கள். விடை தெளிவடைந்துகொண்டே வருமாயின், கண் திறந்துகொண்டிருக்கிறது என்று அறியலாம்.