விலைக்கு வந்த வீடும் விலையாகாத நிலமும்

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ்டவுன் நகரில் சூலியா தெருவையும் அதன் கிளைத் தெருக்களையும் சுற்றி வருபவர், பூட்டிய கதவின்மேல் ‘விற்பனைக்கு’ என்ற பலகை தொங்கும் பழைய மாடிவீடு ஒன்றையேனும் காண்பார். முகப்பு குறுகியது; உள்ளே போகப்போக நீண்டுகொண்டே செல்லும். இருபக்கச் சுவர்களும் அண்டை வீடுகளுக்குப் பொதுவானவை. நடுவே வெளிச்சமும் மழையும் இறங்கும் திறந்த முற்றம். தெருவோரத்தில், அந்நாட்டுத் தமிழர் ‘அஞ்சடி’ என்றழைக்கும் கூரையிட்ட நடைபாதை. கீழே வணிகம், மேலே குடித்தனம் என்பதே இவ்வீடுகளின் பொது அமைப்பு. காலப்போக்கில் மேல்மாடி பலகைத் தடுப்புகளால் சிறு அறைகளாகப் பகுக்கப்பட்டது. முதன்மைக் குடியிருப்பாளர் ஒருவர் வாடகைக்கு எடுத்து, அறை அறையாகப் பிறருக்கு உள்வாடகைக்கு விட்டார். இவ்வாறு ஒரே கூரையின்கீழ் பல குடும்பங்கள் வாழ்ந்தன.

இவ்வீடுகளைச் சூழ்ந்த அக்கம்பக்கமும் பல்வகைப்பட்டதே. 1801இல் நிறுவப்பட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 1818இல் எழுந்த புனித ஜார்ஜ் ஆலயம், சீனரின் குவான் யின் கோயில், 1833ஆம் ஆண்டைச் சேர்ந்த மாரியம்மன் கோயில் ஆகிய யாவும் சில நிமிட நடைத் தொலைவுக்குள் அமைந்துள்ளன. ‘சூலியா’ என்பதே தமிழ் முஸ்லிம் வணிகரைக் குறித்த பெயர். 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் கம்பெனிக் கொடியை ஏற்றியபின் இங்கே குடியேறித் தொழில் வளர்த்தவர்களுள் அவர்கள் முதன்மையானோர்.

நூறாண்டைக் கடந்தும் நின்ற வீடு ஏன் இப்போது விலைக்கு வருகிறது? விடையைச் சுவர்களில் தேடிப் பயனில்லை. அவ்வீட்டைப் பிணைத்திருந்த சட்டங்களில்தான் தேட வேண்டும்.

முதலாவது வாரிசுரிமை. வணிகர் ஒருவர் மறைந்தால் அவர் சொத்து மார்க்கம் வகுத்த பாகங்களின்படி உரியோரைச் சேரும். நீதியான அம்முறையில் எவரும் வெறுங்கையுடன் விடப்படுவதில்லை. ஆயினும் இரண்டு மூன்று தலைமுறைகளில் ஒரு வீட்டுக்குப் பல பத்துப் பங்குதாரர்கள் உருவாகிவிடலாம். சிலர் பினாங்கில், சிலர் கடையநல்லூரில் என அவர்கள் சிதறியும் வாழலாம். அனைவருக்கும் உரிய வீட்டின் கூரையை எவர் செப்பனிடுவது? விற்றுப் பணத்தைப் பகிர்வதே எளிய வழியாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

இரண்டாவது வாடகைக் கட்டுப்பாடு. 1948க்கு முன் எழுந்த கட்டடங்களுக்கு 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தியது. பினாங்குத் தீவில் ஏறத்தாழ 12,000 கட்டடங்கள் அதன்கீழ் இருந்தன. ஏழைக் குடும்பங்கள் நகரின் நடுவே வாழ முடிந்தது இச்சட்டத்தின் நன்மை. கிடைத்த சொற்ப வாடகையில் உரிமையாளர் எவரும் வீட்டைப் பேண விரும்பாதது அதன் தீமை. 1997இல் இதனை நீக்கும் சட்டம் இயற்றப்பட்டது. இடைக்கால அவகாசமும் 1999 டிசம்பர் 31உடன் முடிந்தது. வாடகை உயர்ந்தது, குடும்பங்கள் வெளியேறின. காலியான வீடுகள் சில, கூட்டுக்காக உழவாரக் குருவிகளை வளர்க்கும் இடங்களாயின. 2008 ஜூலையில் ஜார்ஜ்டவுன், மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கட்டடங்களுக்கு மதிப்புக் கூடியது; விடுதிகளும் உணவகங்களும் அவற்றை நாடின. கட்டடம் காக்கப்பட்டது, அதில் வாழ்ந்தவர் அங்கே இல்லை.

‘என் வீடு விற்கப்படக் கூடாது’ என்று ஒருவர் கட்டளையிட முடியாதா? அதற்கும் அந்நகரிலேயே சான்றுண்டு. லீத் தெருவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சீனச் செல்வர் சியோங் ஃபாட் ட்சே கட்டிய நீலநிற மாளிகை 38 அறைகளும் ஐந்து முற்றங்களும் கொண்டது. 1916இல் மறைந்த அவர், தம் கடைசி மகன் இறக்கும்வரை அதனை விற்கலாகாது என விருப்ப ஆவணத்தில் எழுதியிருந்தார். வீடு நின்றது, ஆனால் சிதைந்தது. பல குடும்பங்கள் வாடகைக்குக் குடியிருந்த நெரிசல் மனையாக அது மாறியது. கடைசி மகன் 1989இல் மறைந்ததும் மாளிகை விலைக்கு வந்தது. பாரம்பரியப் பாதுகாப்பில் ஈடுபாடு கொண்ட சிலர் வாங்கிச் சீரமைத்தனர். 2000இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதும் அதற்குக் கிடைத்தது.

அக்கட்டளை மகனின் ஆயுளோடு முடிந்தது கவனிக்கத்தக்கது. பினாங்கில் நடப்பிலிருந்த ஆங்கிலச் சட்டம், அறப்பணிக்காக அன்றி ஒரு சொத்தை என்றென்றைக்கும் கட்டிவைப்பதை ஏற்பதில்லை. உயிரோடிருப்போரின் ஆயுளும் அதற்குமேல் 21 ஆண்டுகளுமே அதன் எல்லை. 1875இல் பினாங்குச் சீனக் குடும்பமொன்றின் வழக்கில், முன்னோர் சடங்குக்கென ஒதுக்கிய வீடு அறப்பணி ஆகாது என்று இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. முஸ்லிம்கள் தம் சந்ததியின் நலனுக்குச் செய்யும் குடும்ப வக்ஃபுக்கும் இதே தடை நேர்ந்தது. இந்தியாவில் 1894ஆம் ஆண்டின் பிரிவி கவுன்சில் தீர்ப்பால் எழுந்த இடரை 1913ஆம் ஆண்டின் வக்ஃபு செல்லுபடிச் சட்டம் நீக்கியது. 1867 முதல் தனிக் குடியேற்றமாகிவிட்ட நீரிணைப் பகுதிக்கு அந்த நிவாரணம் எட்டவில்லை.

எஞ்சியது பொது வக்ஃபு. கைபரில் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று உமர் (ரலி) வினவியபோது, மூலத்தை நிறுத்திவைத்துப் பலனை அறம் செய்யும்படி நபி (ஸல்) வழிகாட்டினார்கள். விற்பனை, அன்பளிப்பு, வாரிசுப் பங்கு ஆகிய மூன்றிலிருந்தும் அந்நிலம் விலக்கப்பட்டது. பழைய வீடுகளைச் சிதறடிக்கும் வாசல்கள் இவைதாமே! கப்பித்தான் காதிர் முகையதீன் மரைக்காயர் காலத்தில் பள்ளிவாசலுக்காகக் கம்பெனி வழங்கிய சுமார் 18 ஏக்கர் நிலமே இன்றும் நகர நடுவில் முஸ்லிம்களின் இருப்புக்கு அடித்தளமாக விளங்குகிறது. சூழ இருந்த தனியார் வீடுகள் கைமாறிய பின்னரும் பள்ளிவாசல் தன் இடத்தில் நிற்கிறது.

எனினும் வக்ஃபு என்ற பெயர் மட்டும் காவலாகிவிடாது. நிர்வாகச் சீர்கேட்டைக் களைய ஆங்கிலேயர் 1905இல் முஹம்மதிய, இந்து அறக்கட்டளைகளுக்கென ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. அதன்வழி அமைந்த வாரியம் வக்ஃபு நிலங்களைத் தன் பொறுப்பில் எடுத்தது. விடுதலைக்குப்பின் அப்பொறுப்பு மாநில இஸ்லாமிய சமய மன்றத்தைச் சேர்ந்தது. வக்ஃபு மனையிலும் கூரை ஒழுகும். அங்கும் வாடகை தேங்கும். வளர்ச்சித் திட்டத்தின் பெயரால் பழங்குடியினர் வெளியேற நேரிடும். விற்பனையைத் தடுப்பது ஒன்று. வாழ்வோரைக் காப்பது வேறொன்று.

ஃபிக்ஹு அறிஞர்கள் இதனை முன்பே உணர்ந்திருந்தனர். வக்ஃபின் வருவாயில் முதல் செலவு அச்சொத்தின் பராமரிப்பே என்றும், வக்ஃபு செய்தவர் எழுதாவிட்டாலும் அது கடமையே என்றும் அவர்கள் வகுத்தனர். நியாய வாடகைக்குக் குறைவாக விடுவதையும் தடுத்தனர். வாடகைக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பினாங்கு கண்ட சிதைவுக்கு இவ்விரு விதிகளும் நேரான மறுமொழி. வறிய குடியிருப்பாளருக்குச் சலுகை வேண்டுமெனில், அதனை வீட்டின் பராமரிப்பிலிருந்து பறிக்காமல், வறியோருக்கென ஒதுக்கிய வேறு நிதியிலிருந்து அளிக்கலாம். முத்தவல்லிமார் இவ்விரண்டையும் பிரித்துக் கணக்கெழுதப் பழகுவாராயின் பல பழைய மனைகளின் ஆயுள் நீளும்.

விற்பனைப் பலகையைக் கண்டு வருந்துவோர் நம்மில் பலர். நம் பாட்டனார் வீட்டுக்கும் ஒருநாள் அப்பலகை வரலாம். அதன் ஒரு பகுதியையேனும், பழுதுபார்ப்புக்கான வருவாயோடும் நேர்மையான கணக்கோடும் வக்ஃபாக்கி வைக்க நாம் இன்று முன்வருவோமா என்பதே சூலியா தெருவின் வரலாறு நம்மிடம் கேட்கும் கேள்வி.