ரெனுவாரின் துணிக்கட்டு

முடக்குவாதத்தால் விரல்கள் மடங்கிப்போன பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் (1841–1919), தூரிகையைக் கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வரைந்தார் என்பர். கேட்போர் உருகுவர், அக்கையில் எஞ்சியிருந்த பிடியோ மறக்கப்பட்டுவிடும். 1915-ஆம் ஆண்டில் சாஷா கித்ரி எடுத்த திரைப்படத்தில் அவர் வரைவதைக் காணலாம். இளைய மகன் தூரிகையை விரலிடுக்கில் வைக்கிறான், பற்றிக்கொள்பவர் ரெனுவாரே. துணிக்கட்டு, நகங்கள் உள்ளங்கையைப் புண்படுத்தாதிருக்கச் சுற்றியது.

சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே பெரிய படங்களையும் தீட்டினார். ஓவியத் துணியை உருளைகளில் சுற்றி, வேண்டிய பகுதியை எதிரே வரச் செய்துகொண்டார்.

அதே 1915-இல் மனைவி மறைந்தார். மூத்த மைந்தர் இருவரும் போரில் காயமுற்றனர். அக்காலப் படங்களிலோ செம்மை பூத்த மேனியும் வெயிலுமே! 'குளிக்கும் மகளிர்' ஓவியத்தை அவர் முடித்தது, மறைந்த ஆண்டான 1919-இல்.