மரவீடும் மக்கள் வரலாறும்

அரசர் எடுத்த கோட்டையும் கோயிலும் பெரும்பாலும் கல்லால் ஆனவை. ஆதலின் நெடுங்காலம் நின்று தம் வரலாற்றைத் தாமே உரைக்கின்றன. குடிமக்கள் வாழ்ந்த மனைகளோ மரமும் மண்ணும் ஓலையும் கொண்டு ஆக்கப்பட்டவை. அவை மழையாலும் கறையானாலும் அழியுந்தோறும், உழுதோரும் நெய்தோரும் வாழ்ந்த வரலாறும் உடன் அழிகின்றது. இக்குறையை நீக்கும் பொருட்டே, பழைய மனைகளைப் பேணிக் காட்டும் திறந்தவெளி நூதனசாலைகள் தோன்றின.

இம்முயற்சிக்கு வழிகாட்டியவர் சுவீடன் நாட்டினரான ஆர்தூர் ஹசேலியஸ். தொழிற்சாலைகள் பெருகக் கிராம வாழ்க்கை மறைவதைக் கண்ட அவர், 1891ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோம் நகரில் ஸ்கன்சென் என்னும் நூதனசாலையைத் திறந்தார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மரவீடுகளைக் கழற்றிக் கொணர்ந்து அங்கு மீண்டும் பொருத்தினர். வீட்டைக் கழற்றுவதா என வியக்க வேண்டா. முழுமரங்களைக் கிடையாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூலைகளில் வெட்டுவாய் அமைத்து, ஒன்றையொன்று கவ்வச் செய்வதே அவ்வீடுகளின் அமைப்பாகும். ஒவ்வொரு மரத்திற்கும் இலக்கமிட்டுப் பிரித்தால், வேறோரிடத்தில் அவ்வரிசைப்படியே அடுக்கலாம். நிலத்தின் ஈரம் ஏறுவதால் அடிமரமே முதலில் உக்கும். அதனை மாற்றி, மேலுள்ளவற்றைக் காத்தலும் இயலும்.

நம் தீவக மக்கள் பலர் இன்று வாழும் கனடாவின் ரொறன்ரோ மாநகரிலும் இத்தகைய கிராமம் ஒன்று உண்டு. பென்சில்வேனியாவிலிருந்து வந்து குடியேறிய டானியல் ஸ்ரொங் என்பவர் 1816இல் அங்கு மரவீடொன்றைக் கட்டினார். 1832இல் பெரியதொரு வீடு அமையும்வரை அவர் குடும்பம் அதிலேயே வாழ்ந்தது. அவ்வளவிற் கைவிடப்படாது நின்ற அப்பண்ணையை நடுவாகக் கொண்டு, வேற்றூர்களிலிருந்து பெயர்த்த கட்டடங்களையும் சேர்த்து, 1960இல் பிளாக் கிறீக் முன்னோடிக் கிராமம் திறக்கப்பட்டது. இத்தகைய கிராமங்களில், ஊதியம் பெறும் பணியாளரோடு தொண்டர்களும் கூடி, நூல் நூற்றல், நெய்தல், அடுப்பெரித்துச் சமைத்தல் முதலியவற்றைக் காண்போர் முன் செய்து காட்டுவர். அடுப்பு எரியாத வீடு வெறுங்கூடே அன்றோ?

எனினும், முன்னோடிகள் எனப்பட்டோர் வருமுன்பே அந்நிலத்தில் முதற்குடிகள் வாழ்ந்தனர் என்பதையும் வரலாற்று மாணவர் மறத்தலாகாது. யாருடைய வீடு பேணப்படுகின்றதோ அவருடைய வரலாறே எஞ்சும். இது நமக்கும் பொருந்தும் எச்சரிக்கையாகும்.

இஃது குளிர்நாட்டார்க்கே இயல்வது எனக் கருதுவாரும் உளர். அவர்க்கு விடையாக உள்ளது, சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ரா. அமெரிக்காவில் பிறந்து தமிழ்நாட்டைத் தம் இல்லமாக்கிக் கொண்ட டெபோரா தியாகராஜன் தொடங்கிய இலாபநோக்கற்ற அமைப்பொன்று இதனை நிறுவி, 1996ஆம் ஆண்டு டிசெம்பரில் திறந்தது. இடிக்கப்படவிருந்த வீடுகளை வாங்கி, பகுதி பகுதியாகப் பிரித்து, மரபறிந்த கைவினைஞரைக் கொண்டே மீண்டும் எழுப்பினர். செட்டிநாட்டு வணிகர் மனையும் கேரளத்தின் மரவீடும் அங்கு உண்டு. குயவர், நெசவாளர் வீடுகளும் உண்டு. செல்வர் மனையை மட்டும் காவாது எளியோர் குடிலையும் காத்தது அதன் தனிச்சிறப்பாகும்.

இனி நம்மூரை நோக்குவோம். 1990இல் போர் காரணமாகத் தீவக மக்கள் இடம்பெயர்ந்தனர், பலர் மீளவில்லை. புளியங்கூடலில் ஆளற்ற நாற்சார் மனையொன்றை அளப்பதற்கு அண்மையில் மாணவர் சிலருடன் சென்றேன். வெளிநாட்டிலுள்ள உரிமையாளர் கடிதமூலம் இசைவு தந்திருந்தார். கூரையின் பாதி வீழ்ந்து கிடந்தது. எஞ்சிய தீராந்திகளும் வளைகளும் வைரம் பாய்ந்த பனைமரங்கள். அவை இன்றும் உறுதியாகவே இருந்தன. ஓடு விலகிய இடத்தில் மழைநீர் இறங்கிச் சுவரைக் கரைத்ததே வீழ்ச்சிக்குக் காரணம். உரிய காலத்தில் ஒருவர் ஏறிச் சில ஓடுகளை மாற்றியிருப்பின் அம்மனை பிழைத்திருக்கும். எம்முடன் வந்த முதிய தச்சர் ஒவ்வொரு பொருத்திற்கும் பெயர் கூறினார், மாணவர் எழுதிக்கொண்டனர். அப்பெயர்களுட் பல எனக்கும் புதியனவாக இருந்தன. அவருக்குப்பின் அவற்றைக் கூற எம்மூரில் எவரும் இல்லை.

அரசு காக்கும் என வாளாவிருத்தலும் தகாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடங்களையே பழைய நினைவுச்சின்னங்கள் என வரையறுக்கின்றது. பிற்பட்டவை தனியாக அறிவிக்கப்பட்டாலன்றி அப்பாதுகாப்பைப் பெறமாட்டா. நம் பாட்டனார் கட்டிய வீடு அவ்வரையறையினுள் அடங்குவதில்லை. ஆகவே ஊரவர் தொண்டே அதற்கு உற்ற காவல்.

ஊர்முழுவதையும் நூதனசாலையாக்குதல் இப்போது கைகூடாது. ஆயின் மூன்று செயல்கள் இன்றே இயலும். ஒன்று, ஒவ்வொரு பழமனையையும் அளந்து வரைபடமும் நிழற்படமும் எடுத்தல். இரண்டு, தச்சரிடமும் கூரை வேய்வாரிடமும் தொழிற்சொற்களைக் கேட்டெழுதுதல். மூன்று, உரிமையாளரின் இசைவுடன் மாரிக்கு முன் கூரையைப் பார்த்து ஓடு மாற்றுதல். சங்கடப்படலையுடைய பெருமனையோடு, கிடுகு வேய்ந்த மண்வீட்டையும் இப்பதிவிற் சேர்த்தல் வேண்டும்.

ரொறன்ரோவில் வளரும் நம் பிள்ளைகள் அந்நாட்டு உழவர் ஒருவரின் 1816ஆம் ஆண்டு வீட்டினுட் சென்று நின்று பார்க்கலாம். அவர்கள் ஒருநாள் புளியங்கூடலுக்கு வந்து, தம் பாட்டியார் வாழ்ந்த வீடு எதுவென வினவுவர். அப்பொழுது காட்டுதற்கு ஒரு கூரையேனும் நிற்றல் வேண்டும். வருகின்ற மாரிக்குள் மாணவர் இப்பணியைத் தொடங்குவாராக.