ஐம்பது ஏழைப் பிள்ளைகள்

கேன்டர்பரிக்கு மகள் வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகிறது. காலையில் பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது, பேராலயத்தின் வடக்குப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வருவேன். அங்கே மின்ட் யார்டு என்றொரு முற்றம் இருக்கிறது. வாசலுக்கு வெளியே நின்று பார்த்தால், கறுப்புக் கோட்டும் விறைத்த கழுத்துப்பட்டையுமாகப் பிள்ளைகள் வகுப்புக்கு ஓடுவது தெரியும். அதுதான் கிங்ஸ் ஸ்கூல். தன் தொடக்கம் 597ஆம் ஆண்டு என்று அந்தப் பள்ளி சொல்கிறது.

மாயவரத்தில் ஓர் உதவிபெறும் பள்ளியில் முப்பத்து நான்கு வருஷம் வரலாறு நடத்தியவள் நான். ஆங்கிலேயரும் கல்வியும் என்றாலே எங்கள் பாடப்புத்தகத்தில் 1835, மெக்காலே, அவ்வளவுதான். அந்த ஆங்கிலேயர்கள் தாங்கள் எங்கே, யார் காசில், யாரிடம் படித்தார்கள் என்று நானும் சொல்லிக் கொடுத்ததில்லை, பிள்ளைகளும் கேட்டதில்லை. ஓய்வுபெற்ற பிறகு, இந்த வாசலில் நின்றுதான் அந்தக் கேள்வி எனக்கு வந்தது.

597இல் ரோமிலிருந்து அகஸ்டின் என்ற துறவி நாற்பது பேரோடு கென்ட் கரையில் இறங்கினார். வழிபாடு லத்தீனில் நடந்தாக வேண்டும், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கோ லத்தீன் தெரியாது. எனவே கோயில் எழுந்த இடத்தில் பள்ளியும் வேண்டியிருந்தது. அந்த ஆண்டே பள்ளி தொடங்கியதென்று காட்ட ஓலையோ சாசனமோ கிடையாது. ஆனால் 731இல் தன் வரலாற்று நூலை முடித்த பீட் என்ற துறவி ஒரு செய்தி தருகிறார். கிழக்கு ஆங்கிலியாவின் அரசன் சிகபெர்ட் தன் நாட்டில் பள்ளி வைக்க விரும்பியபோது, கென்ட்டில் இருந்த முறைப்படியே ஆசிரியர்கள் அவனுக்குக் கிடைத்தார்களாம். இது 630களில் நடந்தது. அப்படியானால் அதற்குள்ளேயே கென்ட்டில் பிறர் பார்த்துப் பின்பற்றும்படி ஒரு பள்ளி நடந்துகொண்டிருந்திருக்கிறது. வரலாற்று ஆசிரியைக்கு இந்தச் சான்று போதும்.

அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த தலைமுறை. தியோடர் இன்றைய துருக்கியில் உள்ள தார்சஸ் ஊர்க்காரர், ஹேட்ரியன் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர். 670ஐ ஒட்டி இருவரும் கேன்டர்பரி வந்து லத்தீனும் கிரேக்கமும் யாப்பும் வானியலும் நடத்தினார்கள். அவர்களிடம் படித்தவர்களில் சிலர், அந்த இரண்டு மொழிகளையும் தாய்மொழிபோலவே அறிந்தவர்கள், தன் காலத்திலும் உயிரோடிருந்ததாக பீட் எழுதுகிறார். இங்கிலாந்துக்குப் பெரும் படிப்பைக் கொண்டுவந்தவர்கள் வெளியூர்க்காரர்கள். இதை இந்த ஊர்ப் பிள்ளைகள் முதல் வகுப்பிலேயே படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதேபோல் ராச்செஸ்டர் பள்ளி தன் தொடக்கம் 604 என்கிறது, யார்க்கின் செயின்ட் பீட்டர்ஸ் 627 என்கிறது. யார்க்கில் படித்து, அங்கேயே கற்பித்த அல்குவினைத்தான் பேரரசர் சார்லமேன் தன் அரண்மனைப் பள்ளிக்கு அழைத்துக்கொண்டார். வைக்கிங்குகள் 866இல் யார்க்கைப் பிடித்தார்கள், 1011இல் கேன்டர்பரியைச் சூறையாடினார்கள். நடுவில் எத்தனை வருஷம் பாடம் நடந்தது, எத்தனை வருஷம் பூட்டிக் கிடந்தது என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. கட்டடம் மாறியது, பாடம் மாறியது, ஆண்ட இனமும் மாறியது. பேராலயமும் அதன் மானிய நிலங்களும் நின்றன. அவற்றின் நிழலில் பள்ளியும் நின்றது.

அந்த நிழலுக்கே ஆபத்து வந்தது எட்டாம் ஹென்றி காலத்தில். மடங்களையெல்லாம் கலைத்து நிலங்களை எடுத்துக்கொண்ட அரசர், கேன்டர்பரி மடத்தை 1540இல் மூடினார். மறுவருஷம் பேராலயத்தைப் புதிய விதிகளோடு அமைத்தபோது பள்ளிக்கும் விதி எழுதப்பட்டது. ஐம்பது பிள்ளைகள். ஏழைகளாக, கைதூக்கிவிட ஆளில்லாதவர்களாக, படிப்புக்கேற்ற புத்தி உள்ளவர்களாக இருக்க வேண்டும். கிங்ஸ் ஸ்கூல் என்ற பெயர் அப்போது வந்தது.

அந்த ஐம்பது இடம் யாருக்கு என்று பெரிய வாக்குவாதம் நடந்திருக்கிறது. பேராயர் தாமஸ் கிரான்மரின் செயலாளர் ரால்ஃப் மோரிஸ் அதை எழுதிவைத்திருக்கிறார். அரசர் அனுப்பிய ஆணையர்களில் சிலர், மேல்குடியின் இளைய பிள்ளைகளை மட்டும் சேர்க்கலாம் என்றார்கள். உழுகிறவன் மகன் உழட்டும், தொழிலாளி மகன் அப்பன் தொழிலைச் செய்யட்டும், எல்லாரும் படிக்கப் போனால் ஏர் பிடிப்பது யார் என்று கேட்டார்கள்.

கிரான்மர் ஒத்துக்கொள்ளவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கே பல நேரம் நினைவாற்றலும் பேச்சுத் திறனும் நிதானமும் கூடுதலாக வாய்த்திருக்கின்றன, செல்லமாக வளர்ந்த பிள்ளைகளைவிட அவர்களே கருத்தாகப் படிக்கிறார்கள் என்றார். உழவன் மகனை அடியோடு விலக்குவது, கடவுள் தன் கொடையை யாருக்குத் தரலாம் என்று கடவுளுக்கே வரம்பு போடுவதாகும் என்றார். பிறகு சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, இங்கிருக்கும் நாம் எல்லாருமே எளிய இடத்திலிருந்து தொடங்கியவர்கள்தானே என்றும் கேட்டார். மேல்குடிப் பிள்ளை படிப்பில் சூட்டிகையாக இருந்தால் சேரட்டும், இல்லையென்றால் அந்த இடத்தில் படிப்பு வரும் ஏழைப் பிள்ளை சேரட்டும். இதுதான் அவர் முடிவு.

என் அப்பா மாயவரம் கடைத்தெருவில் தையற்கடை வைத்திருந்தார். பெரியப்பாவும், "பெண்பிள்ளைக்கு எட்டாவது போதும், கடையில் காஜா எடுக்கட்டும்" என்றார். உபகாரச் சம்பளம் கிடைத்ததால் மேலே படித்தேன். மோரிஸின் குறிப்பை நகர நூலகத்தில் மகள் எடுத்துக் கொடுத்து வாசித்த அன்று, நெடுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

கிரான்மரின் வாதம் வீண்போகவில்லை என்பதற்கு ஒரு பிள்ளையின் கதையே சாட்சி. கேன்டர்பரியில் செருப்புத் தைத்து வாழ்ந்தவர் ஜான் மார்லோ. அவர் மகன் கிறிஸ்டோபருக்கு 1564 பிப்ரவரி 26இல் செயின்ட் ஜார்ஜ் கோயிலில் ஞானஸ்நானம் ஆனது. பள்ளியின் விதிப்படி பதினைந்து வயது நிறைந்தவனுக்கு இடமில்லை. கிறிஸ்டோபர் சேர்ந்தது 1579 ஜனவரியில். இன்னும் சில வாரம் தாமதித்திருந்தால் கதவு மூடியிருக்கும். வருஷத்துக்கு நான்கு பவுண்டு உதவித்தொகை. அங்கிருந்து இன்னொரு உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் போனான். டாக்டர் ஃபாஸ்டஸ் நாடகத்தை எழுதியவன் அவன்தான். அவனுக்குச் சில வருஷம் பின்னால், 1588இல், அதே பள்ளியில் சேர்ந்தவர் உடலில் இரத்தம் சுற்றி வருவதை 1628இல் நிறுவிய வில்லியம் ஹார்வி.

இதே ஏழை என்ற சொல் மற்றப் பள்ளிகளின் பிறப்பிலும் இருக்கிறது. வின்செஸ்டர் ஆயராக இருந்த விக்கம் ஊர் வில்லியம் எளிய குடும்பத்தில் பிறந்து நாட்டின் சான்சலர் வரை உயர்ந்தவர். 1348இல் வந்த கொள்ளைநோயில் குருமார்கள் கூட்டங்கூட்டமாக இறந்திருந்தார்கள். படித்த குருமார்கள் வேண்டும் என்பதற்காக 1382இல் அவர் நிறுவிய வின்செஸ்டர் கல்லூரியில் எழுபது ஏழை மாணவர்களுக்கு இடம். பிள்ளைகள் உள்ளே வந்தது 1394இல். அதைப் பார்த்துத்தான் ஆறாம் ஹென்றி 1440இல் ஈட்டனைத் தொடங்கினார். அங்கும் எழுபது ஏழை மாணவர்கள். 1572இல் ஜான் லையன் என்ற விவசாயி ஹாரோவில் தன் ஊர்ப் பிள்ளைகள் இலவசமாகப் படிக்கப் பள்ளி வைத்தார்.

பிறகு என்ன ஆனது? வில்லியமின் விதியிலேயே ஒரு சிறு இடைவெளி இருந்தது. பிரபுக்கள், செல்வாக்குள்ளவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பத்துப் பேர் வரை செலவைத் தாங்களே ஏற்றுப் படிக்கலாம். ஹாரோவிலும் வெளியூர்ப் பிள்ளைகளைக் கட்டணம் வாங்கிச் சேர்க்க அனுமதி இருந்தது. அந்த இடுக்கு வழியாகத்தான் பணம் உள்ளே வந்தது. விலைவாசி ஏற ஏற, கேன்டர்பரியின் நான்கு பவுண்டு நான்கு பவுண்டாகவே நின்றது. கட்டணம் கட்டுகிறவர்களை நம்பியே ஆசிரியர்கள் பிழைத்தார்கள். லத்தீனும் கிரேக்கமும் தவிர வேறு சொல்லித்தராத பள்ளியில் கடைக்காரர் மகனுக்கும் வேலையில்லாமல் போனது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் வின்செஸ்டரின் அந்த எழுபது இடங்களுக்கும் போட்டித் தேர்வு வந்தது. தேர்வு என்றால் நியாயம் என்று நாம் நினைப்போம். ஆனால் அந்தத் தேர்வுக்குத் தயார்செய்யத் தனிப் பள்ளிகள் கிளம்பின. அவற்றுக்குப் பணம் கட்டியவர்களின் பிள்ளைகளே இடம் பிடித்தார்கள். 1861இல் அமர்ந்த கிளாரண்டன் ஆணையம் ஒன்பது பெரிய பள்ளிகளை ஆராய்ந்தது. அதன் பிறகு 1868இல் வந்த சட்டம் ஏழு பள்ளிகளின் பழைய விதிகளை மாற்ற வழிசெய்தது. ஹாரோவின் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு 1876இல் வேறொரு பள்ளி கட்டிக் கொடுத்தார்கள். லையன் எழுதிவைத்தது அவர்களுக்கு, பெரிய பள்ளி கிடைத்தது மற்றவர்களுக்கு.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏழைக்காகப் பேசிய கிரான்மரின் ஐம்பது பேரில் ஒரு பெண்குழந்தைகூட இல்லை. வின்செஸ்டர் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்தது 2022இல், அதுவும் மேல்நிலை வகுப்பில் மட்டும். அறுநூற்று நாற்பது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று இந்தப் பள்ளிகளில் தங்கிப் படிக்க வருஷத்துக்கு நாற்பதாயிரம் பவுண்டுக்கு மேல் ஆகிறது. 2025 ஜனவரியிலிருந்து அந்தக் கட்டணத்துக்கு இருபது சதவீத வரியும் உண்டு. வரி போட்டது சரியா என்று இங்கே வீட்டுக்கு வீடு பேசுகிறார்கள். வசதியில்லாத சில பிள்ளைகளுக்குப் பள்ளிகள் கட்டணத்தைக் குறைத்துச் சேர்ப்பது உண்மை, அதை மதிக்கிறேன். ஆனால் விதியில் எழுதியிருப்பது சலுகை இல்லை, உரிமை. பள்ளி தன் வயதைச் சொல்லும்போது 597ஐச் சொல்கிறது. 1541இல் எழுதிய ஐம்பது ஏழைப் பிள்ளைகளையும் அதே குரலில் சொல்லட்டும், அந்த ஐம்பது இடங்களையும் அவர்களுக்கே திருப்பித் தரட்டும்.